சனிக்கிழமை மாலைகள்: பள்ளிக்குப் போக மறுத்த ஒரு பையனும் ஒரு கோயில்காடும்

நான் வட தமிழ்நாட்டில் ஒரு சிறுநகரத்தில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். 2022 செப்டம்பரிலிருந்து 2024 தொடக்கம் வரை உடனிருந்து பார்த்த ஒரு நிகழ்வை இங்கே பதிவு செய்கிறேன். பையனும் பெற்றோரும் எழுதலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எடுத்த முடிவுகளையும் அவற்றின் வரிசையையும் மாற்றவில்லை. அவற்றில் இரண்டு என் தவறுகள்.

வளரிளம் பருவத்தினரைக் காட்டுக்கு அழைத்துப் போவது நல்லது என்று இப்போது பலரும் பேசுகிறார்கள். பெற்றோர் என்னிடம் வந்து "ஏதாவது முகாம் இருந்தால் சொல்லுங்கள் சார்" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கும் என் தொழிலில் இருப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

பின்னணி

பையனுக்கு வயது பதினைந்து, பத்தாம் வகுப்பு, வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறார். அம்மா துணிக்கடையில் வேலை செய்கிறார். காலை ஒன்பதுக்குப் போனால் இருவரும் திரும்ப இரவு ஒன்பது ஆகிவிடும். அவனுக்குச் சோறு போட்டதும் பள்ளிக்கு அனுப்பியதும் ஆயாதான் (பாட்டி).

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அவன் ஏழாம் வகுப்பு. 2021 செப்டம்பர் 1 அன்று திறந்தபோது ஒன்பதாம் வகுப்பு. இடையிலிருந்த ஒன்றரை ஆண்டு ஒரு கைப்பேசித் திரைக்குள் போயிற்று. அந்தக் கைப்பேசியை வாங்கிக் கொடுத்ததே இணைய வகுப்புக்காகத்தான். 2021 மே மாதம், இரண்டாம் அலையில், ஆயா அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். உடலை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, நேராகச் சுடுகாடுதான். அன்று பையனைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். "அவன் அழவே இல்லை சார், தைரியமாக இருந்தான்" என்று அம்மா என்னிடம் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் ஆயாவைப் பற்றி அவனிடம் பேசியதில்லை.

2022 ஜூலையில் பள்ளிக்குப் போவதை நிறுத்தினான். ஆகஸ்டில் அப்பா கோபத்தில் கைப்பேசியைத் தரையில் அடித்து உடைத்தார். மறுநாள் மண்டிப் பணத்தில் நாலாயிரம் ரூபாய் காணவில்லை. பழைய கைப்பேசி ஒன்றை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தான். அப்பா அடித்தார், பையன் திருப்பித் தள்ளினான். அதற்கடுத்த வாரம் என்னிடம் அழைத்து வந்தார்கள்.

முதல் சந்திப்புகளில் கண்டது

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். எதைக் கேட்டாலும் "தெரியாது". விடியற்காலை நாலு மணிக்குத் தூங்கிப் பிற்பகல் ஒரு மணிக்கு எழுகிறான் என்றும் இரண்டு மாதத்தில் ஆறு கிலோ எடை குறைந்திருக்கிறது என்றும் அம்மா சொன்னார். கிரிக்கெட் ஆடுவதை எப்போதோ விட்டிருந்தான். விளையாட்டுச் செயலிகளில்கூட ஆர்வம் போய்விட்டது. "சும்மா கையில் வைத்திருப்பேன்" என்றான். அன்று அவன் சொன்ன முழு வாக்கியம் அது ஒன்றுதான். முழுக்கைச் சட்டையின் கீழே முன்கையில் பழைய தழும்புகள் இருந்தன.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கும் உண்டு. ஆனால் கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை, கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து. "காலையில் எழுந்திருக்காமலே போனால் நன்றாக இருக்கும்" என்றான். திட்டம் எதுவும் இல்லை. அன்று மாலையே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனோம்.

மருத்துவர் இதை மனச்சோர்வு என்று உறுதி செய்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் இப்போது இருக்கிறது. அப்பா எதிர்பார்த்து வந்தது அந்தப் பெயரைத்தான். மருத்துவர் அதைக் கொடுக்கவில்லை. கைப்பேசி இந்தப் பையனுக்கு நோயாக இல்லை, ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்தது என்பது அவர் கணிப்பு. நானும் அப்படியே நினைத்தேன். ஃப்ளூவாக்செட்டின் மாத்திரை தொடங்கினார். இளவயதினருக்கு இந்த வகை மருந்து தொடங்கும் முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூட வாய்ப்பிருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலேயே எச்சரித்திருக்கிறது. அதைப் பெற்றோருக்கு விளக்கி, நெருக்கமாகக் கவனிக்கச் சொன்னார். மாத்திரைகள் அம்மாவின் பூட்டிய அலமாரிக்குப் போயின. வீட்டின் பின்புறமிருந்த பூச்சிமருந்து டப்பாவை அன்றே அகற்றச் சொன்னேன். இரவில் அவசரம் என்றால் கூப்பிட 104 என்ற உதவி எண்ணைக் கதவில் ஒட்டினார்கள்.

முதல் முடிவு: மலை முகாம்

வாரம் ஒரு முறை என் அறையில் சந்தித்ததில் எதுவும் நகரவில்லை. ஐம்பது நிமிடம், எதிரெதிர் நாற்காலி, அவனிடமிருந்து "தெரியாது". அந்த நேரத்தில்தான் அப்பா ஒரு துண்டறிக்கையோடு வந்தார். காலாண்டு விடுமுறையில், அக்டோபர் முதல் வாரம், கொல்லிமலையில் மூன்று நாள் இயற்கை முகாம். கட்டணமும் அவர்களால் கட்டக்கூடியதாக இருந்தது. நான் சரி என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இயற்கை மனத்துக்கு நல்லது என்ற ஆய்வுகளைப் படித்திருந்தேன். 1984இல் வெளியான ரோஜர் உல்ரிச்சின் ஆய்வு என் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. பித்தப்பை அறுவைக்குப் பின், ஜன்னல் வழியே மரங்களைப் பார்க்கக்கூடிய அறையில் இருந்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். ஜப்பானில் 1982இல் வனத்துறை 'காட்டுக் குளியல்' (காட்டில் நிதானமாக நேரம் கழிப்பது) என்ற சொல்லையே உருவாக்கி, அதை மக்கள் நலத் திட்டமாக்கியது. இவையெல்லாம் மனதில் இருந்தன. ஆனால் அந்த மருத்துவமனை நோயாளிகள் நாற்பது அந்நியர்களோடு கூடாரத்தில் படுக்கவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கூடவே அப்பாவின் முகத்தில் முதல் முறையாக நம்பிக்கை தெரிந்தது. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. பையன் தலையசைத்ததைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன். மருத்துவரைக் கேட்கவில்லை. மருந்து தொடங்கி அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியிலேயே வாந்தி எடுத்துவிட்டான். மற்றப் பையன்கள் சிரித்தார்கள். காலை ஐந்து மணிக்கு விசில். நாலு மணிக்குத் தூங்கிப் பழகியவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. பகலில் கயிறு ஏறுதல், ஊக்கப் பேச்சு. ஆகாய கங்கை அருவிக்கு எல்லோரும் படியிறங்கிப் போனபோது இவன் மேலேயே உட்கார்ந்திருந்தான். இரண்டாம் நாள் இரவு நெருப்பைச் சுற்றி உட்கார வைத்து, ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையின் பெரிய துயரத்தைச் சொல்ல வேண்டும் என்றார்கள். இவன் முறை வருவதற்கு முன் எழுந்து போய்விட்டான். இரண்டு மணி நேரம் தேடி, இருட்டில் ஒரு பஸ் நிறுத்தத்தில் கண்டுபிடித்தார்கள். அப்பா வாடகை வண்டி எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்தார்.

பையனுக்கு உடம்பில் ஒன்றும் ஆகவில்லை. என் திறமையால் அல்ல. மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் குரலை உயர்த்தவில்லை. "கவனித்துக்கொள்ளச் சொன்ன வாரத்தில் கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள்" என்று மட்டும் சொன்னார்.

அமெரிக்காவில் பிரச்சினைக்குரிய பிள்ளைகளை வாரக்கணக்கில் காட்டில் தங்கவைக்கும் நிறுவனங்கள் ஒரு தொழிலாகவே வளர்ந்தவை. அவற்றில் சிலவற்றில் நடந்த கொடுமைகளையும் மரணங்களையும் பற்றி அந்நாட்டு நாடாளுமன்றத் தணிக்கை அமைப்பு 2007இல் அறிக்கை கொடுத்தது. விருப்பமில்லாத பிள்ளையைக் கொண்டுபோய் விட்டால் காடு இன்னொரு விடுதியறைதான். நம் முகாம்களை அவற்றோடு ஒப்பிட முடியாது என்றாலும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான். பிள்ளையை இடம் மாற்றினால் பிள்ளையே மாறிவிடும் என்ற எண்ணம் அது.

இரண்டாவது முடிவு: சின்னக் காடு

முகாம் தோற்ற பிறகு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவன் சொன்ன பதிலில்தான் அடுத்த வழி தெரிந்தது. "காடு நன்றாகத்தான் இருந்தது. ஆட்கள்தான் அதிகம்."

எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடத்தில் ஒரு கோயில்காடு இருக்கிறது. மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட கரையோரப் பகுதியில் இப்படிச் சில துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. சாமிக்குப் பயந்து யாரும் வெட்டாததால் தப்பிய காடுகள் இவை. காயா, வீரை, இரும்பிலி, நாவல், எட்டி, இவற்றின் மேல் ஏறிப் பின்னிய கொடிகள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கால்மணி நேரத்தில் நடந்துவிடலாம். நிழற்படம் எடுத்தால் புதர் என்றுதான் சொல்வார்கள். அதை ஒட்டி நாட்டு மரங்களுக்கான சிறிய நாற்றுப்பண்ணை ஒன்று உண்டு. அங்கே வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண்மணியை எல்லோரும் அக்கா என்று அழைப்போம். அவர் தேவையில்லாமல் பேசமாட்டார்.

இந்த முறை மருத்துவரிடம் முதலில் கேட்டேன். வாரம் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்றரை முதல் ஆறு வரை. காலை நேரம் வைக்காததற்குக் காரணம், அவன் எழுவதே பிற்பகலில்தான். தூக்கத்தை முதலில் சரிசெய், பிறகு காடு என்று சொல்லியிருந்தால் இரண்டுமே நடந்திருக்காது. பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினேன். கூலி இல்லை, இத்தனை பை நிரப்ப வேண்டும் என்ற கணக்கும் இல்லை. தனியாக ஒரே ஒரு பெரியவரோடு அவனை விடுவதில்லை. நானும் அக்காவும், அல்லது அக்காவும் இன்னொரு பணியாளரும், ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி இருப்போம். கண்ணாடி விரியன் உள்ள இடம் என்பதால் காலணி கட்டாயம். விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்தேன். பையனுக்கு நான் சொன்ன நிபந்தனை ஒன்றுதான்: பிடிக்கவில்லை என்றால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டோம்.

முதல் வாரம் பண்ணை வாசலில் உட்கார்ந்தே இரண்டரை மணி நேரம் கழிந்தது. இரண்டாம் வாரம் அக்கா ஒன்றும் சொல்லாமல் ஒரு கூடையை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம். சிறிது நேரம் பார்த்தான். பிறகு பை நிரப்பத் தொடங்கினான். முதல் பைகளைத் தளர்வாக நிரப்பியிருந்தான். அக்கா அவற்றைத் திருத்தவில்லை, தண்ணீர் மட்டும் ஊற்றினார். மண் பாதிக்கு இறங்கிவிட்டது. அடுத்த பைகளை அவனே இரண்டு தட்டுத் தட்டி இறுக்கினான். என் அறையில் நான் ஏழு வாரம் செய்யாத ஒன்றை அவர் ஒரு பூவாளியால் செய்தார் என்று அன்று என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

அக்டோபர் கடைசியில் ஏரிக்கரையில் பனங்கொட்டை ஊன்றப் போனோம். பனங்கொட்டை முதலில் கீழே இறங்கும். வெளியே ஓலை தெரிய மாதக்கணக்கில் ஆகும். "அப்போது பிழைத்ததா செத்ததா என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டான். என்னிடம் அவன் கேட்ட முதல் கேள்வி. "தோண்டினால் தெரியும். தோண்டினால் செத்துவிடும்" என்றார் அக்கா.

நவம்பரில் ஒரு நாள், கிளம்பும் நேரத்தில், காட்டுக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில். ஆறுமணிக்குருவி. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து நம் பக்கம் வலசை வரும் பறவை. விடியலிலும் அந்தியிலும் கூப்பிடுவதால் அந்தப் பெயர். பையன் கைப்பேசியை எடுத்து நேரம் பார்த்தான். "ஐந்து நாற்பத்தெட்டு. பன்னிரண்டு நிமிடம் வேகம்" என்றான். அடுத்தடுத்த வாரங்களில் அந்த நேரத்தைக் குறித்து வைத்தான். அந்தக் குறிப்புதான் அவன் பள்ளியை விட்ட பிறகு எழுதிய முதல் எழுத்து.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. எதிரெதிராக உட்காராததும் இருட்டிவிட்டதும் உதவியிருக்கலாம். நவம்பர் கடைசி வாரம், ஜன்னலைப் பார்த்தபடியே ஆயாவைப் பற்றிப் பேசினான். அவர் வெற்றிலை இடிக்கும் உரல் இன்னும் சமையலறை மாடத்தில் இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது, இருவரும் கவனிக்கவில்லை.

புயல்

டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. மறுநாள் சனிக்கிழமை. வரவேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லியிருந்தேன். காலை ஏழு மணிக்கு அவனிடமிருந்து அழைப்பு. "நாற்றெல்லாம் என்ன ஆயிற்று சார்?"

அவன் காலை ஏழு மணிக்கு விழித்திருந்தான் என்பது அப்பாவுக்கே அப்போதுதான் தெரிந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவே ஸ்கூட்டரில் அழைத்துப் போனார். பண்ணையின் நிழல்வலை கிழிந்து கிடந்தது, ஒரு வரிசைப் பைகள் சாய்ந்திருந்தன. காட்டுக்குள் சில கிளைகள் முறிந்ததைத் தவிரப் பெரிய சேதமில்லை. அப்பாவும் மகனும் ஒரு வார்த்தை பேசாமல் மூன்று மணி நேரம் பைகளை நிமிர்த்தியதாக அக்கா சொன்னார். அதற்குப் பிறகு பூவாளி வேலைக்காகக் காலையில் வரலாமா என்று அவனே கேட்டான். தூக்க நேரம் மாறியது அங்கிருந்துதான். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பாராட்டினால் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது.

காய்ச்சல்

2023 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். பையனுக்குக் கடும் காய்ச்சல், தலைவலி. முதலில் பார்த்த மருத்துவர் டெங்கு என்று சந்தேகித்து ரத்தப் பரிசோதனை எழுதினார். நாலாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. அம்மா அவனைத் துடைத்துவிடும்போது இடுப்பில், பெல்ட் படும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கைப் பார்த்தார். மறுபடியும் தன்னைக் காயப்படுத்திக்கொண்டானோ என்று பயந்து எனக்கு அழைத்தார். படத்தைப் பார்த்ததும் மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல். புதர்ச்செடிகளில் இருக்கும் மிக நுண்ணிய பூச்சிகளின் இளம்புழு கடிப்பதால் வருவது. மழைக்குப் பிந்தைய குளிர்மாதங்களில் எங்கள் பகுதியில் புதிதல்ல. டாக்ஸிசைக்ளின் கொடுத்த இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகக்கூடியது.

பாம்புக்குத் தயாராக இருந்த நான் இதை யோசிக்கவில்லை. இரண்டாவது தவறு இதுதான். மருத்துவருக்கு "இவன் வாரந்தோறும் புதர்க்காட்டுக்குப் போகிறான்" என்ற ஒரு வரியை நான் எழுதிக் கொடுத்திருந்தால் முதல் நாளே பெல்ட்டைக் கழற்றிப் பார்த்திருப்பார்.

அம்மா காடு வேண்டாம் என்றார். அவரை வற்புறுத்தவில்லை. மூன்று வாரம் நின்றது. நிற்கும்போதே அப்பா வேறொரு யோசனையைச் சேர்த்தார்: பள்ளிக்குப் போனால்தான் காடு. பையன் கதவைச் சாத்திக்கொண்டான், தூக்கம் பழையபடி நாலு மணிக்குப் போயிற்று. வந்த மூன்று மாத மாற்றம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்று அந்த மூன்று வாரத்தில் தெரிந்தது. இரு பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசினோம். மருத்துவர் தெளிவாகச் சொன்னார்: மாத்திரையை மதிப்பெண்ணுக்குப் பரிசாகக் கொடுப்பீர்களா? அதுபோலத்தான் இதுவும். பிப்ரவரி நடுவில் மறுபடி தொடங்கினோம். நீண்ட கால்சட்டை, காலுறைக்குள் முனை, பூச்சிவிரட்டிக் களிம்பு, தரையில் உட்காரப் பாய், வீடு திரும்பியதும் குளியல், துணியை உடனே துவைக்கப் போடுதல்.

தேர்வும் அதற்குப் பின்பும்

மார்ச்சில் பள்ளியில் பேசி, அரைநாள் மட்டும் வந்து உட்கார அனுமதி வாங்கினோம். வகுப்பாசிரியர் ஒருவர் முழு மனதோடு உதவினார். ஏப்ரலில் பொதுத்தேர்வை ஐந்து தாளும் எழுதினான். கணக்கில் தோல்வி. அந்த முடிவு வந்த இரவு அம்மா அவன் அறையில் படுத்தார். முன்பே பேசிவைத்திருந்தோம். கணக்கைத் துணைத்தேர்வில் தேறினான். பதினொன்றாம் வகுப்பில் வணிகவியல் சேர்ந்தான். தாவரவியல் எடுப்பான் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம், எனக்கும் சேர்த்துத்தான்.

ஜூலையோடு காட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். நண்பர்கள் இருவர் கிடைத்திருந்தார்கள், சனிக்கிழமைகளில் கிரிக்கெட். மருந்தை மருத்துவர் 2024 தொடக்கத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். இரவில் இன்னும் கைப்பேசியில் விளையாடுகிறான், பதினொன்றரை வரை. அப்பாவும் அவனும் இன்னும் சண்டை போடுகிறார்கள், கை ஓங்குவதில்லை.

எது உதவியது

காடு குணப்படுத்தியது என்று நான் எழுதமாட்டேன். மருந்து இருந்தது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கும் காலமும் அவன் பை நிரப்பத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்று. பகல் வெளிச்சமும் உடலுழைப்பும் மனச்சோர்வுக்கு நல்லது என்பது தனியே தெரிந்த விஷயம், அதற்குக் காடுதான் வேண்டும் என்பதில்லை. நேரமும் கடந்தது. ஒரே ஒரு பையனை வைத்து இவற்றைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

ஆனால் இரண்டு காடுகளையும் ஒப்பிட முடியும். கொல்லிமலை எல்லா வகையிலும் பெரிய காடு. அங்கே அவனிடம் மூன்று நாளில் மாற்றத்தைக் கேட்டார்கள். கோயில்காட்டில் யாரும் எதையும் கேட்கவில்லை. அங்கே அவன் போன வாரம் செய்த வேலை இந்த வாரம் அப்படியே இருந்தது, சில சமயம் முளைத்தும் இருந்தது. ஒரே இடத்துக்கு முப்பது தடவைக்கு மேல் போனதால்தான் ஆறுமணிக்குருவியின் நேரத்தைக் குறிக்க முடிந்தது. மூன்று நாள் முகாமில் அது வெறும் விசில் சத்தம்.

இன்று செய்தால் எதை மாற்றுவேன்

புதிதாக மருந்து தொடங்கியவரை இரவு தங்கும் எந்த நிகழ்ச்சிக்கும் அனுப்பமாட்டேன். மருத்துவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் பகல் நிகழ்ச்சிக்கும் இல்லை. உண்ணிக் காய்ச்சல் பற்றிய ஒரு பக்கக் குறிப்பைப் பெற்றோருக்கு முதல் நாளே கொடுக்கிறேன், காய்ச்சல் வந்தால் அதை மருத்துவரிடம் காட்டச் சொல்லி. காடு பரிசோ தண்டனையோ அல்ல என்பதை அப்பாக்களிடம் தொடக்கத்திலேயே பேசிவிடுகிறேன். பள்ளியோடு மார்ச் வரை காத்திருக்காமல் நவம்பரிலேயே பேசியிருக்க வேண்டும். துயரத்தைப் பற்றி வீட்டாரோடு தனியே ஓர் அமர்வு வைத்திருக்க வேண்டும். அந்த வெற்றிலை உரலைப் பற்றி அம்மாவிடம் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அவனிடம் அனுமதி கேட்க நான் தயங்கியதுதான் காரணம்.

அக்காவின் பங்கைப் பற்றியும் ஒன்று. அவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை, பையனின் நிலை பற்றி நான் சொன்னதும் மிகக் குறைவு. ஒருநாள் அவன் தழும்புகளைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்கவில்லை என்று பிறகு சொன்னார். இப்போது அங்கே பிள்ளைகளை அழைத்துப் போவதற்கு முன்பும் மாதம் ஒரு முறையும் பணியாளர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன்.

கடைசியாக அவன் எனக்கு அழைத்தது 2024 பிப்ரவரியில். ஏரிக்கரையில் எத்தனை பனை மிஞ்சியிருக்கிறது என்று கேட்டான். ஆடு மேய்ந்ததும் கிழங்குக்காகத் தோண்டியதும் போக, அவன் ஊன்றிய வரிசையில் ஒன்பது என்றேன். பதினொன்று இருக்க வேண்டும், கரையின் வடக்கு முனையில் போய்ப் பாருங்கள் என்றான்.